நாட்டியம் இல்லாத மேடையில் பாலே இசை

பாலே நாட்டியத்துக்கென்று எழுதப்பட்ட இசையை, ஆடுபவர் ஒருவரும் இல்லாமல் இசைக்குழு மட்டும் கச்சேரி மேடையில் வாசிப்பது இன்று உலகெங்கும் சாதாரண வழக்கம். சைகோவ்ஸ்கியின் ‘அன்ன ஏரி’, ராவெலின் ‘டாஃப்னிஸும் குளோயேயும்’, புரோகோஃபியெவின் ‘ரோமியோ ஜூலியட்’ ஆகியவற்றின் பகுதிகள் சிம்பொனிகளுக்குச் சமமான இடத்தில் வைத்து வாசிக்கப்படுகின்றன. இந்த வழக்கம் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும்தான். அதற்கு முன்பு பாலே இசை ஆட்டத்துக்குத் துணையாக இருந்தது. ஆட்டம் மேடையை விட்டுப் போனால் அதுவும் கூடவே மறைந்தது.

விதிவிலக்குகள் உண்டு. பீத்தோவன் 1801இல் வியன்னாவில் ‘புரோமிதியஸின் படைப்புகள்’ என்ற பாலேக்கு இசை எழுதினார். அந்த நாட்டியம் வழக்கொழிந்துவிட்டது. முகப்பிசை மட்டும் இன்றுவரை கச்சேரிகளில் வாழ்கிறது. 1841இல் பாரிசில் அரங்கேறிய ‘ஜிசெல்’ பாலேயில் அடோல்ஃப் ஆடம் ஒரு புதிய வழியைக் காட்டினார். காதல் மலர்ந்த காட்சியில் ஒலித்த மெட்டுகள், நாயகி ஏமாற்றப்பட்டுச் சித்தம் கலங்கும் காட்சியில் சிதைந்து திரும்பி வருகின்றன. பாத்திரத்தின் மனத்தை இசையே நினைவு வைத்திருக்கும் இந்த உத்தி, ரொமாண்டிக் பாலே இசையின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. லியோ டெலிப் 1870இல் ‘கோப்பேலியா’வையும் 1876இல் ‘சில்வியா’வையும் எழுதியபோது, வாத்தியங்களின் நிறச்சேர்க்கையிலும் பாலே இசை ஓபராவுக்கு இணையாக நின்றது.

ஆயினும் ரஷ்யாவின் அரசவை அரங்குகளில் பாலே இசை எழுதுவது ஒரு கைத்தொழிலாகவே நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதற்கென்று சம்பளம் பெறும் இசையமைப்பாளர் பதவி இருந்தது. இத்தாலியரான செசாரே புன்யியும், அவருக்குப் பின் வியன்னாவிலிருந்து வந்த லுட்விக் மின்குஸும் அதில் இருந்தார்கள். இந்தக் காட்சிக்கு இத்தனை ஆவர்த்தம், இந்த நடை, இந்த இடத்தில் துள்ளல், இந்த இடத்தில் நிறுத்தம் என்று நாட்டிய ஆசான் கேட்பார். இசையமைப்பாளர் அதை அப்படியே எழுதித் தருவார். ஆடும் நாயகிக்குப் பிடிக்காத பகுதி வெட்டப்படும், வேறொருவரின் இசை அந்த இடத்தில் ஒட்டப்படும். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. 1886இல் மின்குஸ் ஓய்வு பெற்றபோது, அரங்குகளின் இயக்குநர் இவான் விசெவலோஷ்ஸ்கி அந்தப் பதவியையே எடுத்துவிட்டு, பெயர்பெற்ற இசையமைப்பாளர்களிடம் பாலே எழுதச் சொல்லும் முறையைத் தொடங்கினார்.

சிம்பொனி எழுதும் ஒருவர் பாலேயில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை மாஸ்கோ அதற்கு முன்பே கண்டிருந்தது. சைகோவ்ஸ்கி 800 ரூபிள் ஊதியத்துக்கு எழுதிய ‘அன்ன ஏரி’ 1877 மார்ச்சில் போல்ஷோய் அரங்கில் அரங்கேறியது. இசை கனமாக இருக்கிறது, ஆடுவதற்குத் தோதாக இல்லை என்ற குறை எழுந்தது. நாயகி அன்னா சொபெஷ்சான்ஸ்கயா பீட்டர்ஸ்பர்க் சென்று மின்குஸிடம் ஓர் இருவர் நடனத்துக்கு இசை எழுதி வாங்கி வந்தார். தன் பாலேயில் பிறர் இசை நுழைவதை விரும்பாத சைகோவ்ஸ்கி, நாயகி ஓர் அடியைக்கூட மாற்ற வேண்டாதபடி, மின்குஸின் இசைக்கு ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம் பொருந்தும் மாற்று இசையை எழுதிக் கொடுத்தார். நாட்டியத்தின் கட்டளைகளுக்கு இவ்வளவு தூரம் வளைந்து கொடுத்தவர்தான், ‘பாலே இசை’ என்பது வசைச்சொல்லாகப் பயன்பட்டபோது எதிர்த்துக் கேட்டவர். அவருடைய நான்காம் சிம்பொனியில் பாலே வாடை அடிக்கிறது என்று மாணவர் தனேயெவ் 1878இல் எழுதியதற்கு, பாலே இசையில் அப்படியென்ன இழிவு என்பதே அவருடைய பதில். ‘அன்ன ஏரி’ கச்சேரித் தொகுப்பாக அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. 1893இல் அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்தே அது வெளிவந்தது.

வழக்கத்தை உண்மையில் திருப்பிவிட்டது ‘நட்கிராக்கர்’. 1892 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய இசைச் சங்கக் கச்சேரி ஒன்றில் புதிய படைப்பொன்றை நடத்துவதாக சைகோவ்ஸ்கி ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கென வைத்திருந்த ‘வொயெவோதா’ என்ற தன் இசைப்படைப்பு பிடிக்காமல் போய் அதைக் கிழித்துப் போட்டுவிட்டதால், எழுதிக்கொண்டிருந்த பாலேயிலிருந்து எட்டுப் பகுதிகளைப் பிரித்துத் தொகுப்பாக்கினார். பெரும்பாலான பகுதிகளைத் திரும்ப வாசிக்கும்படி அவையோர் கேட்டார்கள். முழுப் பாலே மரியின்ஸ்கி அரங்கில் ஏறியது அதே ஆண்டு டிசம்பரில். அதற்குக் கலவையான வரவேற்புத்தான். ஆக, நாட்டியத்துக்கு ஒன்பது மாதம் முன்பே இசை வெற்றி பெற்றுவிட்டது. அமெரிக்காவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே தொகுப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. முழுப் பாலே முதன்முதலில் சான் பிரான்சிஸ்கோவில் ஆடப்பட்டது 1944இல்.

அந்தத் தொகுப்பில் இடம்பெறாத ஒரு பகுதியே, மேடைக் காட்சி இல்லாமலும் பாலே இசை எப்படி மனத்தை உருக்குகிறது என்பதற்குச் சிறந்த சான்று. இரண்டாம் அங்கத்தில் வரும் இருவர் நடனத்தின் அடாஜியோ எனப்படும் மெதுவான பகுதி அது. ஹார்ப்பின் அலை மேல் செல்லோக்கள் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. அந்த மெட்டு மேல் சட்ஜத்திலிருந்து கீழ்ச் சட்ஜம் வரை வரிசையாக இறங்கும் எட்டுச் சுரங்கள்தான். கர்நாடக இசை கேட்டவர்கள் அதைச் சங்கராபரணத்தின் அவரோகணம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் சுரங்கள் சம கால அளவில் இறங்குவதில்லை. சில நீண்டு நிற்கின்றன, சில விரைந்து கடக்கின்றன. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வாத்தியங்கள் கூடுகின்றன. நடுவில் துயரச் சாயல் படர்கிறது. கடைசியில் டிரம்பெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்து அதே இறக்கத்தை முழங்குகின்றன. தேவதைக் கதையொன்றின் மகிழ்ச்சியான கட்டத்துக்கு இத்தனை பாரம் தேவையில்லை. 1891 ஏப்ரலில், இந்தப் பாலேயை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், சைகோவ்ஸ்கியின் தங்கை அலெக்சாண்ட்ரா இறந்துபோனார். அந்தத் துயரத்தின் எதிரொலியை ஆய்வாளர் சிலர் இந்த இசையில் கேட்கிறார்கள்.

கச்சேரி மேடைக்கான அடுத்த உந்துதல் பாரிசிலிருந்து வந்தது. 1909இல் செர்கேய் தியாகிலெவ் தொடங்கிய ‘பாலே ரூஸ்’ பருவங்கள், இசையமைப்பாளரை நாட்டிய ஆசானுக்குக் கீழே வைக்காமல் சமமாக வைத்தன. ஸ்ட்ராவின்ஸ்கி 1910இல் அரங்கேறிய ‘நெருப்புப் பறவை’யிலிருந்து பிற்காலத்தில் மூன்று தொகுப்புகள் செய்தார். ராவெல் தம் ‘டாஃப்னிஸும் குளோயேயும்’ படைப்பை நாட்டியச் சிம்பொனி என்றே அழைத்தார். அதன் முதல் தொகுப்பு, பாலே மேடையேறுவதற்கு ஓராண்டு முன்னதாக, 1911 ஏப்ரலிலேயே பாரிசில் வாசிக்கப்பட்டது. இரண்டாம் தொகுப்பின் விடியற்காலைக் காட்சியில் குழல் வாத்தியங்கள் ஓடை நீராகச் சலசலக்க, அடியிலிருந்து ஒரு மெட்டு மெல்ல மேலெழுந்து முழு இசைக்குழுவையும் நிறைக்கிறது. 1913 மே மாதம் பாரிசில் கூச்சலும் கைகலப்புமாக அரங்கேறிய ‘வசந்தத்தின் சடங்கு’, 1914 ஏப்ரலில் அதே நகரில், அதே இசை நடத்துநர் பியர் மொந்தேயின் கையில், கச்சேரியாக ஒலித்தபோது ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

புரோகோஃபியெவின் ‘ரோமியோ ஜூலியட்’டுக்குக் கச்சேரி மேடையே தஞ்சம் தந்தது. 1935இல் அவர் எழுதி முடித்த இசையை ஆட முடியாதது என்று போல்ஷோய் அரங்கம் தள்ளிவிட்டது. முதலில் அவர் கதைக்கு இன்ப முடிவையே வைத்திருந்தார். சாகக் கிடப்பவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். அந்த முடிவில் இசை மகிழ்ச்சி காட்டவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு, ஷேக்ஸ்பியரின் முடிவுக்கே திரும்பினார். பாலேக்கு அரங்கம் கிடைக்காத நிலையில் இரண்டு தொகுப்புகளைச் செய்தார். முதலாவது 1936 நவம்பரில் மாஸ்கோவிலும், இரண்டாவது 1937 ஏப்ரலில் லெனின்கிராட்டிலும் ஒலித்தன. பாலே முதலில் ஆடப்பட்டது செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில், 1938 டிசம்பர் 30 அன்று. லெனின்கிராட்டின் கீரொவ் அரங்கில் கலீனா உலானோவா ஜூலியட்டாக ஆடியது 1940 ஜனவரியில். மேடையில் நிற்கும் தங்களுக்கு இசை காதில் விழவில்லை, தாளம் பிடிபடவில்லை என்று ஒத்திகைகளில் நாட்டியக் கலைஞர்கள் முறையிட்டார்கள்.

அந்த இசையின் வலிமை உடலசைவை ஒலியாகவே எழுதிவிட்டதில் இருக்கிறது. டைபால்ட் என்ற பாத்திரம் இறக்கும் காட்சியில் வாள்வீச்சின் வேகத்தில் வயலின்கள் பறக்கின்றன. குத்துப்பட்டதும் ஒரே சுரக்கூட்டு 15 முறை, இடைவெளி விட்டு இடிபோல் விழுகிறது. ஒருவன் தள்ளாடி விழுவதைக் கண் பார்க்காவிட்டாலும் காது பார்த்துவிடுகிறது. பாலே இசை கச்சேரியில் தரும் உணர்ச்சிக்கு முதல் காரணம் இதுவே. சொல் இல்லாத கலைக்கு எழுதுவதால், காதல், அச்சம், சாவு எதையும் மெட்டும் தாளமும் வாத்திய நிறமும் மட்டுமே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் இடம். அரங்கில் இசைக்குழு மேடைக்கு முன்னால் தாழ்வான குழியில் அமர்ந்திருக்கும். ஆடுபவரின் மூச்சுக்கும் தாவலுக்கும் ஏற்ப நடை மாறும். தனி நடனம் முடிந்ததும் கைதட்டலுக்காக இசை அறுபடும். கச்சேரியிலோ இசைக்குழு மேடை மேல் இருக்கிறது. தந்தி வாத்தியங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், நடத்துநர் விரும்பிய வேகத்தில் போகலாம். ‘அன்ன ஏரி’யின் புகழ்பெற்ற மெட்டை, வயலின்களின் நடுக்கத்தின் மேல் தனி ஓபோ எழுப்பும்போது, கேட்பவரின் கவனத்தைப் பங்குபோட அங்கே வேறெதுவும் இல்லை.

இந்தச் சுதந்திரத்துக்கு ஓர் இழப்பும் உண்டு. புரோகோஃபியெவின் தொகுப்புகள் கதையின் வரிசையில் செல்வதில்லை. முதல் தொகுப்பு டைபால்ட்டின் சாவோடு முடிகிறது, இரண்டாவது அதற்கு முந்தைய பகைக் குடும்பங்களின் காட்சிக்குத் திரும்பிப் போய்த் தொடங்குகிறது. அதனால் பல இசை நடத்துநர்கள் தொகுப்புகளைக் கலைத்து, காதல் அரும்புவதிலிருந்து கல்லறை வரை கதைப்படி அடுக்கித் தாங்களே ஒரு தேர்வைச் செய்துகொள்கிறார்கள். கச்சதுரியானின் ‘ஸ்பார்டகஸ்’ அடாஜியோ இன்னும் தொலைவு போனது: 1956இல் மேடையேறிய அந்தப் பாலேயைப் பார்த்திராத லட்சக்கணக்கான பிரிட்டிஷ் மக்கள், கப்பல்களைப் பற்றி 1971இல் தொடங்கிய ஒரு பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையாகவே அதை அறிந்தார்கள். ஆட்டத்தின் ஏவலாகப் பிறந்த இசை, ஆட்டமில்லாமல் நிற்கும் வலிமையை அந்த ஏவலிலிருந்தே பெற்றது என்பதுதான் இந்த வரலாறு தரும் முடிவு.