எஷெரிக்கும் குடல்வாழ் நுண்ணங்கிகளும்

உயிரியல் பயிலும் மாணவருள் ஈ. கோலி என்னும் பற்றீரியத்தை அறியாதார் அரியர். ஆயின் அப்பெயரின் முதலெழுத்து யாரைக் குறிக்கின்றது என வினவின், விடை கூறுவோர் சிலரே. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவரின் பெயரால் அது வழங்குகின்றது. அப்பெயரைச் சூட்டிய இருவரும் கொழும்பிற் பணியாற்றியவர்கள் என்பது இலங்கையராகிய நாம் பெரும்பாலும் மறந்துவிட்ட செய்தியாகும். எஷெரிக்கின் ஆய்வு வாழ்வையும், அவர் எழுப்பிய வினா அவருக்குப் பின் அடைந்த கதியையும் ஈண்டு நோக்குவோம்.

எஷெரிக் 1857ஆம் ஆண்டு பவேரியாவிலுள்ள அன்ஸ்பாக் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1881இல் மருத்துவக் கல்வியை நிறைவு செய்து, வூர்ட்ஸ்பூர்க்கில் கார்ல் கெர்ஹார்ட்டிடம் உதவியாளராக இருந்தார். அக்காலம் ரொபேர்ட் கொக்கின் காலம். 1882இல் காசநோய்க் கிருமியை அவர் அறிவித்தபின் இளம் மருத்துவர் பலரும் நுணுக்குக்காட்டியை நாடினர். 1884இல் நேப்பிள்ஸ் நகரில் வாந்திபேதி பரவியபோது எஷெரிக்கும் அங்கே சென்றார். பின்னர் மியூனிக்கில் தங்கித் தம் ஆய்வைத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைகளின் மலம். இது நகைப்புக்குரியதன்று. வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் பெருந்தொகையாக இறந்த காலம் அது. பிறர் நோயாளியின் உடலில் நோய்க்கிருமியைத் தேடினர்; எஷெரிக்கோ நலமுள்ள குழந்தையின் குடலில் எவையெவை வாழ்கின்றன என்பதை முதலில் அறியாது, நோயுற்ற குழந்தையின் குடலிற் காணும் ஒன்றைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று எனக் கருதினார். எமது கருத்தில் அவர் செய்த பெரும்பணி பற்றீரியம் ஒன்றைக் கண்டமையன்று. இவ்வரிசை முறையை வகுத்தமையே.

பிறந்த குழந்தையின் முதல் மலத்தில் பற்றீரியங்கள் இல்லை என்பதையும், சில மணித்தியாலங்களுள் அவை வந்து குடியேறுகின்றன என்பதையும் அவர் கண்டார். கொக்கின் முறைப்படி திண்ம ஊடகத்தில் அவற்றைத் தனித்தனியே வளர்த்தார். 1884இல் வெளியான கிராமின் சாயமூட்டும் முறையையும் கையாண்டார். தாய்ப்பாலுண்ணும் குழந்தையின் குடலில் இரு கோலுருப் பற்றீரியங்களைச் சிறப்பாக எடுத்து விவரித்தார். குடலின் மேற்பகுதிக்குரியதை பற்றீரியம் லக்டிஸ் ஏரோஜீனஸ் என்றும், கீழ்ப்பகுதிக்குரியதை பற்றீரியம் கோலி கொம்யூனே என்றும் பெயரிட்டார். பின்னதன் பொருள் பெருங்குடலிற் பொதுவாகக் காணப்படுவது என்பதாகும். 1885இல் முதற் செய்திகளை வெளியிட்டு, 1886இல் முழு நூலாக்கினார். அந்நூலின் தலைப்பே பாலுண்ணும் குழந்தையின் குடற்பற்றீரியங்களையும், சமிபாட்டு உடற்றொழிலோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் சேர்த்துக் கூறுகின்றது. எவை உள்ளன என்பதோடு, அவை என்ன செய்கின்றன என்பதும் அவருடைய வினாவாயிருந்தது.

இவ்விரண்டாம் வினாவுக்கு விடைகாண அக்காலத்துக் கருவிகள் போதவில்லை. முதல் வினாவிலும் ஒரு குறை நேர்ந்தது. அவருடைய ஊடகங்களில் எளிதாக வளர்ந்தவை ஒட்சிசன் இருப்பினும் இல்லாவிடினும் வாழவல்லவை. ஒட்சிசன் பட்டால் மடிவனவே குடலிற் பெரும்பான்மையானவை. பரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி ரிசியே, தாய்ப்பாலுண்ணும் குழந்தைகளின் குடலில் மிகுதியாக வாழும் கவைவடிவப் பற்றீரியத்தை ஒட்சிசனற்ற நிலையில் வளர்த்து, 1899-1900ஆம் ஆண்டுகளில் விவரித்தார். இன்று பிபிடோபற்றீரியம் எனப்படுவது அதுவே.

எஷெரிக் 1890இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகருக்கும், 1902இல் வியன்னாவுக்கும் பேராசிரியராகச் சென்றார். வைத்தியசாலைப் பொறுப்புகளும், சிசுக்களைக் காக்கும் சங்கத்தின் பணியும் அவரை ஆட்கொண்டன. தாய்ப்பாலூட்டலை அவர் வலியுறுத்தி வந்தார். 1911இல் வியன்னாவிற் காலமானார்.

இனிக் கொழும்புக்கு வருவோம். உகண்டாவில் உறக்கநோயை ஆராய்ந்த இத்தாலியரான அல்டோ கஸ்ரெல்லானி, 1903இல் இங்கு வந்து பற்றீரியவியல் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். இலங்கை மருத்துவக் கல்லூரியின் பதிவாளராயிருந்த அல்பேர்ட் சாமேர்ஸ் அவருடன் இணைந்து, அயனமண்டல மருத்துவம் பற்றிய பெருநூலொன்றை 1910இல் வெளியிட்டார். அதன் மூன்றாம் பதிப்பு 1919இல் வந்தபோது இருவரும் இலங்கையை விட்டு நீங்கியிருந்தனர். அப்பதிப்பிலேதான் எஷெரிக்கியா என்ற சாதிப்பெயர் முதன்முதல் இடம்பெற்றது. பெயர்க்குரியவர் மறைந்து எட்டாண்டுகள் கழிந்திருந்தன.

பெயர் நிலைத்தது; வினா பின்தள்ளப்பட்டது. விரைந்து வளரும் இயல்பால் அப்பற்றீரியம் குடலினின்றும் பிரிக்கப்பட்டு ஆய்வுகூடப் பொருளாயிற்று. 1922இல் ஸ்ரான்போர்ட்டில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பெற்ற கே-12 என்னும் வகையைக் கொண்டு, லெடர்பேர்க்கும் ரேற்றமும் 1946இல் பற்றீரியங்களிடையே பரம்பரையலகுப் பரிமாற்றம் நிகழ்வதைக் காட்டினர். பல்லாண்டுகள் கண்ணாடிக் குழாய்களில் வாழ்ந்த அவ்வகை, குடலில் நிலைகொள்ளும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டது! அதனிடையே 1945இல் இங்கிலாந்தில் ஜோன் பிறே, இப்பற்றீரியத்தின் சில வகைகள் சிசுக்களின் வயிற்றோட்டத்துக்குக் காரணமாதலை எடுத்துக்காட்டினார். இயல்பாய்க் குடியிருப்பதற்கும் நோய் விளைப்பதற்கும் வேறுபாடு காணவேண்டும் என்ற எஷெரிக்கின் எச்சரிக்கை பொருளுடையதென்பது இதனாற் புலனாகும்.

இரண்டாம் வினாவுக்கான கருவி புரத ஆய்விலிருந்து வந்தது. ஓர் உயிரி என்ன செய்கின்றது என்பதை அது ஆக்கும் புரதங்களே காட்டும். 1975இல் பற்றிக் ஓபரெல், புரதங்களை மின்னேற்றத்துக்கேற்ப ஒரு திசையிலும், நிறைக்கேற்ப மறுதிசையிலும் களிப்படலத்திற் பிரித்து, 1,100 புள்ளிகளாகக் காட்டினார். அவர் அதற்குப் பயன்படுத்தியதும் ஈ. கோலியையே. ஓர் உயிரியின் புரதத் தொகுதி முழுவதையும் குறிக்க, புரோற்றியோம் என்ற சொல்லை 1994இல் மார்க் வில்கின்ஸ் ஆக்கினார்.

ஒரு பற்றீரியத்தின் புரதங்களைப் பிரித்தல் ஒன்று. பல நூறு இனங்கள் கலந்து வாழும் குடலின் புரதங்களைப் பிரித்தல் வேறொன்று. 2009இல் இரட்டையரான இரு பெண்களின் மலத்தை அமெரிக்க ஆய்வாளர் இவ்வாறு ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கான புரதங்கள் இனங்காணப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மனித உடலின் புரதங்கள். குடியிருப்பனவும் குடியளிப்பதும் ஒருங்கே தொழிற்படுதல் இதனால் தெரியவந்தது.

அதற்கு ஈராண்டு முன், 2007இல், நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர் வேறு பொருளை எடுத்துக்கொண்டனர்: பாலுண்ணும் சிசுக்களின் மலம். மியூனிக்கில் எஷெரிக் கையிலெடுத்த அதே பொருள். எதனையும் ஊடகத்தில் வளர்க்காமல், ஓபரெலின் இருதிசை முறையாற் புரதங்களை நேரே பிரித்தனர். இனங்காணப்பட்ட புள்ளிகளுள் ஒன்று வெல்லத்தைப் பயன்படுத்துதற்கு உதவும் நொதியம். அது ஈ. கோலிக்குரியதன்று; ரிசியே கண்ட பிபிடோபற்றீரியத்தின் நொதியத்தை ஒத்திருந்தது.