நெடுமொழியும் தலைக்கனமும்: தன்ராஜ் பிள்ளை மீதான ஒரு பழைய வழக்கு

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் கல்லூரியில் கூடைப்பந்துத் திடலின் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. காலை வகுப்புக்கு முன்னர் அதன் நிழலில் மாணவர்கள் நடத்தும் பட்டிமன்றத்தைக் கடந்துதான் நாம் தமிழ்த்துறைக்குச் செல்ல வேண்டும். பொருள் பெரும்பாலும் ஒன்றே: மைக்கேல் ஜோர்டான் பெரியவரா, லெப்ரான் ஜேம்ஸ் பெரியவரா? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் வாகை சூடிய அணியினருக்கு மோதிரம் வழங்குவது மரபு. ஜோர்டானுக்கு ஆறு, லெப்ரானுக்கு நான்கு என்று மோதிரங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்கிறான் ஒருவன். 1993-இல் அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்ற சார்லஸ் பார்க்லிக்கு ஒரு மோதிரமும் இல்லையே, அதனால் அவர் ஆடியதெல்லாம் ஆட்டமில்லை என்றாகிவிடுமா என்கிறான் மற்றொருவன். பேச்சு தலைமைக்குப் போய், அங்கிருந்து தலைக்கனத்துக்குப் போய், மணி அடித்ததும் கலைகிறது.

இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. நம் தலைமுறையினர் எழும்பூர் மைதானத்தின் படிகளிலும் தாம்பரம் ரயிலிலும் பல ஆண்டுகள் இதே வழக்கை நடத்தியிருக்கிறோம். வழக்கில் நின்றவர் தன்ராஜ் பிள்ளை.

அவரைத் தமிழர் என்று சொன்னால் இன்றைய மாணவர் வியக்கின்றனர். 1968 ஜூலை 16 அன்று புணேயை அடுத்த கட்கியில் பிறந்தவர். தந்தை நாகலிங்கம் பிள்ளை அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளர், தாய் ஆண்டாளம்மா. கட்கி ஒரு கண்டோன்மெண்ட் ஊர். ராணுவத்தையும் அதன் தொழிற்சாலைகளையும் நம்பிப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். நம் பகுதியிலும் பரங்கிமலை, பல்லாவரம் என்று கண்டோன்மெண்ட் உண்டு என்பதால், ஹாக்கி எந்த வழியாக எளியோர் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. பட்டாளம் ஆடியது, வேலிக்கு வெளியே நின்ற சிறுவர் பார்த்தனர், உடைந்த மட்டையைக் கயிற்றால் கட்டி அவர்களும் ஆடினர். தன்ராஜும் அவருடைய அண்ணன்மாரும் அப்படி ஆடியவர்களே. அண்ணன் ரமேஷ் அவரை மும்பைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஜோவாகிம் கார்வாலோவின் வழிகாட்டலில் மஹிந்திரா அணியில் இடம் கிடைத்தது. 1989-இல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள், 339 ஆட்டங்கள். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை. எத்தனை கோல் அடித்தார் என்று கேட்டால் 170-ஐச் சுற்றி ஒரு மதிப்பீடுதான் கிடைக்கும். கூட்டமைப்பு அதிகாரபூர்வமான கணக்கு வைக்கவில்லை. கிரிக்கெட்டில் ஒருவர் ஓய்வுநாளில் எத்தனை முறை தும்மினார் என்பதற்கும் புள்ளிவிவரம் தரும் ஒரு நாட்டில், நாட்டின் தலைசிறந்த முன்கள வீரரின் கோல்களை எண்ணி வைக்க ஆள் இல்லை.

நாம் அவரை நேரில் கண்டது 1996 டிசம்பரில். சாம்பியன்ஸ் கோப்பை சென்னைக்கு வந்திருந்தது. பள்ளி மாணவராயிருந்த நாம், அன்று மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்த மின்ரயிலில் தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கி, மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு நடந்தே போவோம். பந்து கிடைத்த கணத்தில் அவர் உடல் முன்னோக்கிச் சாயும், நீண்ட முடி பின்னால் பறக்கும், மட்டையோடு ஒட்டிய பந்தோடு இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு கிழித்ததுபோல் ஓட்டம் போகும். அரங்கமே எழுந்து நிற்கும். ஓட்டத்தின் முடிவில் பல நேரங்களில் ஒன்றும் நிகழாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியா அந்தத் தொடரில் நான்காம் இடம் பெற்றது.

அங்கேதான் வழக்கின் முதல் குற்றச்சாட்டைக் கேட்டோம். 'பந்தைக் கொடுக்க மாட்டார், தானே கொண்டு போவார்.' பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இதைச் சொன்னார். அவர் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அக்காலத்து ஆட்டம் எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1976-இல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிய பின்னர், பெனால்டி கார்னரைக் கோலாக்கும் வல்லவர் எந்த அணியில் உண்டோ அந்த அணியே பெரிய ஆட்டங்களை வென்றது. நெதர்லாந்துக்கு போவெலாண்டர் இருந்தார். பின்னர் பாகிஸ்தானுக்கு சொஹைல் அப்பாஸ் வந்தார். தன்ராஜின் சிறந்த ஆண்டுகளில் இந்தியாவிடம் அப்படி நம்பத்தக்க ஒருவர் நிலைக்கவில்லை. ஜுக்ராஜ் சிங் வந்தார். 2003 செப்டம்பரில் கார் விபத்தில் படுகாயமுற்றார். கார்னரில் கோல் வராத அணியில் முன்கள வீரர் தானே கொண்டு போகாமல் வேறென்ன செய்வார் என்பது எங்கள் தரப்பு வாதம். இன்றும் அதை விடவில்லை.

இரண்டாம் குற்றச்சாட்டுக்கு வருவோம். தலைக்கனம்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. அணித்தலைவர் தன்ராஜ், பயிற்சியாளர் எம். கே. கௌசிக். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுடன் 1-1 என்று சமநிலை. பெனால்டி அடிகளில் இந்தியா 4-2 என்று வென்றது. காவலர் ஆசிஷ் பல்லால் அன்று காத்த காப்பை நேரலையில் கண்டோர் மறக்க மாட்டார்கள். இதற்கு முன்னர் ஆசிய விளையாட்டில் இந்தியா ஹாக்கித் தங்கம் வென்றது 1966-இல், அதே பாங்காக்கில். இடையில் 32 ஆண்டுகள். நாடு திரும்பிய அணி மாலைகளைக் கழற்றும் முன்பே அடுத்த தொடருக்கான பட்டியல் வந்தது. தன்ராஜ், பல்லால் உள்ளிட்ட ஏழு மூத்தவர்கள் அதில் இல்லை. ஓய்வு அளித்திருக்கிறோம் என்றது கே. பி. எஸ். கில் தலைமையிலான கூட்டமைப்பு. ஆட்டக்காரர்களுக்குரிய தொகை தரப்படவில்லை என்று தலைவர் வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனை இது என்றே பலரும் புரிந்துகொண்டனர். கௌசிக்கும் பதவியிழந்தார்.

அன்றைய விவாதங்களில் நமக்கு வியப்பளித்தது, கூலி கேட்டதைத் தலைக்கனம் என்று மொழிபெயர்த்தவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் என்பதே. 'நாட்டுக்காக ஆடுபவர் காசு கேட்கலாமா?' இந்தக் கேள்வியின் சுவையை நாம் பிற்பாடு நேரிலேயே அறிந்தோம். தொகுப்பூதியத்தில் ஒரு கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், விடுமுறை மாதச் சம்பளம் உண்டா என்று நாங்கள் நால்வர் எழுத்தில் கேட்டோம். 'தமிழ் படித்தவர்களுக்கு அடக்கம் வேண்டாமா' என்பது மறுமொழி. அடுத்த ஆண்டு அங்கே எங்களுக்கு வகுப்பு இல்லை. அன்றிரவு பேருந்தில் தன்ராஜை நினைத்துக்கொண்டோம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும்.

அடக்கம் குறித்துத் தமிழ் இலக்கணம் என்ன சொல்கிறது? தன்னைப் புகழ்தல் குற்றம் என்ற பொதுவிதிக்கு நன்னூல் நான்கு விலக்குகளைத் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை உணராதோரிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த வேளையில். புலவர்க்கு உரைத்த இவ்விலக்குகளில் மூன்றாவது ஆட்டக்காரர்க்கும் பொருந்தும். 1998-இல் இரண்டாவதும் நான்காவதும் ஒருசேரப் பொருந்தின. புறப்பொருள் இலக்கணம் இன்னும் ஒருபடி மேலே போய், களத்தில் வீரன் தன் வீறு கூறுவதை 'நெடுமொழி' என்று துறையாகவே வகுத்திருக்கிறது. படை சிதறிப் பின்வாங்கும்போது ஒருவன் மட்டும் நின்று பகையைத் தடுப்பதற்கு 'எருமை மறம்' என்று பெயர். அவன் தோழர்களுக்குப் பந்து கொடுத்தானா என்று அந்தத் துறை கேட்பதில்லை. (மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, 'ஐயா, எருமை மறத்தில் அணி தோற்றுக்கொண்டுதானே இருக்கிறது?' என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. நமக்கு உடனே பதில் வரவில்லை.)

மூன்றாவது குற்றச்சாட்டு பதக்கம். பார்சிலோனாவில் ஏழாமிடம், அட்லாண்டாவில் எட்டு, சிட்னியில் ஏழு, ஏதென்ஸில் ஏழு. தன்ராஜின் நான்கு ஒலிம்பிக் இவ்வளவே. எதிர்த்தரப்பார் இங்கே வாசுதேவன் பாஸ்கரனை முன்னிறுத்துவர். சென்னைக்காரர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொணர்ந்த அணியின் தலைவர். அரட்டையில் ஒரு பக்கம் பாஸ்கரனின் தங்கம், மறுபக்கம் தன்ராஜின் வெறுங்கை. தன்ராஜ் தரப்பார் உடனே, மாஸ்கோவுக்கு வராத ஹாக்கி அணிகளின் பட்டியலை ஒப்பிப்பர்: மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான். இந்த வாதம் நமக்கு என்றுமே பிடித்ததில்லை. வராதவர்களை வெல்லவில்லை என்று வந்தவரைக் குறை சொல்வது என்ன நியாயம்? 1976-இல் ஏழாமிடம் வந்து நொந்த அணியில் ஆடிய ஒருவர் நான்காண்டில் அதைத் தங்கமாக்கித் தந்தார். ஒருவர் புகழைக் குறைத்துத்தான் மற்றவர் புகழை நிறுத்த வேண்டும் என்ற தேவை இல்லை.

வரலாறு இந்த இருவரையும் ஒரே ஆட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பாஸ்கரன் பயிற்சியாளர், தலைவர் ரமன்தீப் சிங், முன்களத்தில் தன்ராஜ். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 2-2 என்று நிறுத்திய அணி, கடைசிக் குழு ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து சமன் செய்தது. இந்தியாவுக்குரியதாயிருந்த இடத்தில் தென்கொரியா அரையிறுதிக்குச் சென்று, வெள்ளியோடு திரும்பியது. தங்கம் கண்ட தலைவரும் தங்கம் காணாத தலைவரும் ஒரே கணத்தில் தோற்றனர். அந்தக் கோலுக்கு எவருடைய தலைக்கனத்தைக் காரணம் காட்டுவது? இருந்தும் காட்டினர்.

தன்ராஜ் குறையற்றவர் என்று நாம் வாதிட வரவில்லை. சினம் அவருக்கு மூக்கின் நுனியில் இருந்தது. நிருபர்களிடம் பேசிய பேச்சுகள் சில அவருக்கே வினையாயின. தலைவர் என்பவர் சினத்தை எங்கே செலவிடுவது என்று அறிந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் அவர் தலைமை தாங்கிய அணிகளின் கணக்கையும் அதே தட்டில் வைக்க வேண்டும். 1998 ஆசியத் தங்கம். 2003 கோலாலம்பூர் ஆசியக் கோப்பை: விபத்துற்ற ஜுக்ராஜ் இல்லாத அணி இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்றது. இடையே 2002-இல் கொலோன் சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா நான்காமிடம் வந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே வந்தது. அப்போது வயது 34.

ஏதென்ஸ் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஒலிம்பிக் நெருங்கிய நேரத்தில் பயிற்சியாளர் ராஜிந்தர் சிங் மாற்றப்பட்டு ஜெர்மானியரான கெர்ஹார்ட் ராக் வந்தார். தலைமை திலீப் திர்கியிடம். நான்காவது ஒலிம்பிக்கை ஆடப்போன மனிதர் பெரும்பகுதியை வெளியிருக்கையில் கழித்தார். அத்துடன் முடிந்தது. 2007-இல் சந்தீப் மிஸ்ரா எழுதிய அவர் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 'என்னை மன்னித்துவிடு அம்மா' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அதற்கு. தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரின் நூல் மன்னிப்பில் தொடங்குகிறது.

2008 மார்ச்சில் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, இந்திய ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. அடுத்த மாதம், செயலாளர் மீதான லஞ்சப் புகாரை அடுத்து, பழைய கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது. டோக்கியோவிலும் (2021-இல்) பாரிஸிலும் (2024-இல்) வெண்கலம் வென்ற அணிகளுக்குப் பின்னால் ஒடிசா அரசின் பணம், ஆண்டுக்கணக்கில் நீடித்த பயிற்சி முகாம்கள், உரிய ஊதியம் எல்லாம் இருந்தன. 1998-இன் தலைவர் கேட்டதில் எத்தனை பங்கு இவை என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக எழும்பூர் மைதானம் புதுக்கப்பட்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று வென்றது. திரும்பும்போது தாம்பரம் ரயிலில் நெரிசல். எதிரே நின்ற இருவர், நம்மைவிடச் சற்று மூத்தவர்கள், அன்றைய ஆட்டத்தைச் சேத்துப்பட்டுக்குள் பேசி முடித்துவிட்டனர். கோடம்பாக்கத்தில் போலந்து வந்தது. 'அந்த நேரத்தில் பந்தைக் கொடியோரம் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும்' என்றார் ஒருவர். 'யாரிடம் கொடுத்து?' என்றார் மற்றவர். பரங்கிமலையில் முதலாமவர் இறங்கும்வரை குரல் தணியவில்லை. மற்றவர் பல்லாவரம்வரை தனியாகத் தலையை அசைத்துக்கொண்டே வந்தார்.