பீச் மரத்தின் நோய்கள்

ஓக், செஸ்நட் ஆகிய மரங்கள் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததும், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சமசீதோஷ்ண வனங்களின் முக்கிய விருட்சங்களுள் ஒன்றுமான பீச், ஆயுள் முழுவதும் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கும் சாம்பல் நிறப் பட்டையை உடையது. முதிர முதிர வெடித்துத் தடிக்கும் புறப்பட்டை இதற்கு உண்டாகாமையால், சிறு காயமும் இம்மரத்துக்குப் பெருந்தீங்காக முடியக்கூடும். அமெரிக்க பீச்சின் இன்றைய க்ஷீணத்துக்குப் பட்டை நோய், இலை நோய் என்னும் இரண்டும் பிரதான காரணங்களாகும்.

பட்டை நோய்: இது பூச்சியும் பூஞ்சணமும் கூடி விளைவிக்கும் நோய். ஐரோப்பிய பீச்சில் வாழும் கிரிப்டோகாக்கஸ் பேகிசூகா என்னும் செதிற்பூச்சி, அலங்காரத்துக்காகத் தருவிக்கப்பட்ட மரங்களோடு 1890ஆம் ஆண்டையொட்டிக் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரை அடைந்து, பின்னர் மெல்ல மெல்லத் தெற்கிலும் மேற்கிலும் பரவி, 1930களின் தொடக்கத்துக்குள் ஐக்கிய அமெரிக்காவின் மெயின் ராஜ்யத்திலும் காணப்பட்டது. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத இப்பூச்சியினத்தில் ஆண் கிடையாது. சேர்க்கையின்றியே பெண்கள் முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. இவற்றுக்குச் சிறகில்லை எனினும், முட்டையினின்று வெளிவரும் இளம்பூச்சிகளைக் காற்று மரத்துக்கு மரம் கொண்டுசேர்க்கிறது. பட்டையின் பிளவில் தங்கி உறிஞ்சுகுழலைச் செலுத்தியபின், இளம்பூச்சி காலற்ற பருவத்தை எய்தி, வெண்ணிற மெழுகு நார்களைச் சுரந்து அவற்றுள் மறைந்துகொள்ளும். ஆகவே பூச்சி மலிந்த மரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தோன்றும்.

இவ்வாறு நலிந்த பட்டையின் வழியே நியோநெக்ட்ரியா இனத்துப் பூஞ்சணங்கள் உட்புகுந்து, உயிருள்ள திசுக்களை அழிக்கின்றன. அழிந்த பகுதிகள் அடிமரத்தைச் சுற்றி ஒன்றோடொன்று சேர்ந்துவிடின், இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்காமல் மரம் மடிகிறது. பட்டையின்மீது திரள்திரளாக எழும் நுண்ணிய செந்நிற வித்துறைகள் பூஞ்சணத்தின் அடையாளம். மரத்தை உளுக்கச் செய்யும் பிற பூஞ்சணங்களும் பின்தொடர்வதால், இலையோடு நிற்கும் மரமே காற்றில் நடுவே முறிந்து விழுவதுண்டு.

அமெரிக்க வனவியலறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1972இல் இந்நோயின் போக்கை மூன்று கட்டங்களாகப் பகுத்தார்: பூச்சி மட்டும் வந்து பரவும் முதற்கட்டம், பூஞ்சணமும் சேர்ந்து பெருமரங்களைக் கொல்லும் இரண்டாம் கட்டம், எஞ்சியவையும் புதிதாய் முளைத்தவையும் வடுப்பட்டு வாழும் மூன்றாம் கட்டம். இறுதிக் கட்டத்தில், மடிந்த மரங்களின் வேர்களினின்று கன்றுகள் அடர்ந்து எழுகின்றன. அவை தாய்மரத்தின் மரபையே உடையனவாதலால் அதே நோய்க்கு ஆளாவதோடு, சர்க்கரை மேப்பிள் முதலிய மரங்களின் நாற்றுகளையும் தம் நிழலால் வளரவொட்டாமல் தடுக்கின்றன. காட்டில் பீச்சுகள் மலிந்திருந்தும், கருங்கரடி, காட்டு வான்கோழி, அணில் முதலியவற்றுக்கு ஆகாரமான கொட்டைகளைத் தரும் பெருமரங்கள் அருகிப்போவதே இந்நோயின் விசேஷமான விளைவாகும்.

இலை நோய்: 2012ஆம் ஆண்டில் ஒஹாயோ ராஜ்யத்தின் லேக் மாவட்டத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்நோயோடு தொடர்புடைய உயிரி, ஜப்பானிய பீச்சில் கண்டறியப்பட்ட லிட்டிலெங்கஸ் கிரெனேட்டே என்னும் நூற்புழுவின் உபஜாதியாக 2020இல் விவரிக்கப்பட்டது. இப்புழுக்கள் குளிர்காலத்தை மொட்டுகளுக்குள் கழித்து, இலை விரிவதற்கு முன்னரே அதன் அமைப்பைக் கெடுத்துவிடுகின்றன. இலையைக் கீழிருந்து ஒளிக்கு நேரே நோக்கினால் நரம்புகளுக்கிடையே கரும்பச்சைப் பட்டைகள் தெரியும். நோய் முற்றும்போது இலை தடித்துச் சுருங்கித் தோல்போலாகி, மொட்டுகளும் கருகி, மரத்தின் முடி வெறிச்சோடிவிடும். இளங்கன்றுகளே முதலில் மடிகின்றன. ஆதலின், பட்டை நோய்க்குப்பின் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நம்பியிருந்த தலைமுறையையே இந்நோய் தாக்குகிறது.

ஐரோப்பாவில்: இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் 2003இல் கண்டறியப்பட்ட பைட்டாப்தோரா கெர்னோவியே என்னும் நுண்ணுயிரி, ரோடோடென்ட்ரான் புதர்களில் பெருகி, அருகிலுள்ள பீச்சின் அடிமரத்தைத் தாக்கிப் பட்டையிலிருந்து கருநீர் கசியச் செய்கிறது. 2018ஆம் ஆண்டிலும் அதையடுத்த ஆண்டிலும் மத்திய ஐரோப்பாவில் நேர்ந்த கடும் வறட்சியும் பீச் மரங்களைப் பெரிதும் நலிவித்தது.

பரிகாரங்கள்: பூங்காக்களில் தனித்து நிற்கும் மரங்களைப் பூச்சிமருந்து தெளித்தும், பட்டையைத் தேய்த்துக் கழுவியும் செதிற்பூச்சியினின்று காக்கலாம், விரிந்த வனங்களில் இம்முறை சாத்தியமன்று. நோயுற்ற பிரதேசத்து விறகையும் நாற்றுகளையும் வேறிடம் கொண்டுசெல்லாதிருப்பது பரவுதலைத் தாமதப்படுத்தும். நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு மரம் செதிற்பூச்சியை இயல்பாகவே எதிர்த்து நிற்பதால், அத்தகைய மரங்களை ஒட்டுக்கட்டியும், அவற்றின் விதைகளை வளர்த்தும் புதிய தலைமுறையை உண்டாக்கும் முயற்சியில் ஐக்கிய அமெரிக்க வன சேவை ஈடுபட்டுள்ளது. பூச்சியை எதிர்க்கும் மரம் நூற்புழுவையும் எதிர்க்கும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் மருந்தினும் மரபே நிலையான காப்பு ஆதலின், நோயுற்றவற்றை வெட்டும்போது வடுவின்றி நிற்கும் மரங்களை இனங்கண்டு விட்டுவைப்பது வனப் பராமரிப்பின் முதற் கடமையாகும்.