பள்ளத்தாக்கினுள் பள்ளத்தாக்கு

நீர் உறைகையில் அதன் மூலக்கூறுகள் வரிசைப்பட்டு நிற்கின்றன. கண்ணாடிக் குழம்பு குளிர்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. குழம்பு இறுகுகிறது, மேலும் இறுகுகிறது, ஈற்றில் அசைவற்றுப் போகிறது; அணுக்களோ திரவத்தில் இருந்தவாறே தாறுமாறாகக் கிடக்கின்றன. ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டது என்பார்கள். அது வெறுங்கதை. அக்காலத்தில் ஊதிச் செய்த தகடுகள் தொடக்கத்திலேயே சீரற்றவை. ஆயினும் கதைக்குப் பின்னால் ஒரு மெய்யான கேள்வி உண்டு: ஒழுங்குக்கு வராமலே ஒரு பொருள் திண்மமாவது எங்ஙனம்?

விடைக்கான வழிகளுள் ஒன்று காந்தவியலிலிருந்து வந்தது. செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்தால் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரு குறுங்காந்தம். சில இணைகள் ஒரே திசை நோக்க விழைகின்றன. சில எதிரெதிர்த் திசை நோக்க. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையற்ற மூன்று பங்காளிகளை இரண்டே பந்திகளில் அமர்த்த முயல்வதாக எண்ணிப் பார்ப்போம். எப்படி அமர்த்தினும் இருவர் ஒரே பந்தியில் முகம் சுளித்து உண்டாக வேண்டும். இயற்பியலார் இந்நிலைக்கு 'விரக்தி' என்றே பெயரிட்டுள்ளனர். இலக்கியம் பயின்ற நமக்கு அச்சொல்லை அங்கே காண்பதில் ஓர் உவகை. யாவருக்கும் உகந்த அமைவு இல்லையாதலால், ஏறத்தாழச் சமமான அமைவுகள் எண்ணற்றுப் பெருகுகின்றன, மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளைப் போல. 1975இல் ஷெரிங்டனும் கிர்க்பாட்ரிக்கும் இதற்கொரு மாதிரி அமைத்தனர். 1979இல் இத்தாலியரான பாரிசி அதற்குத் தீர்வு கண்டார். அத்தீர்வு சரியே என்று கணிதவியலார் முழுமையாக நிறுவியது 2006இல். நோபெல் பரிசு 2021இல்.

நாம் சொல்ல வந்தது எலிசபெத் கார்ட்னரைப் பற்றி. 1985இல் அவர் இம்மாதிரியின் மாற்று வடிவம் ஒன்றை ஆராய்ந்தார். அதில் காந்தங்கள் இரண்டிரண்டாக அல்லாமல் மூன்றும் அதற்கு மேலுமாகக் கூடி வினைபுரிகின்றன. குளிர்வித்தால் அமைப்பு ஏதேனும் ஒரு பள்ளத்தாக்கில் சிக்கிக்கொள்ளும். அத்தோடு முடிவதில்லை என்று காட்டினார் கார்ட்னர்: இன்னும் குளிர்வித்தால் அப்பள்ளத்தாக்கே உட்பிரிந்து, பள்ளத்தினுள் பள்ளமாக விரிகிறது. உறைந்ததற்குள் மற்றுமொரு நிலைமாற்றம். எடின்பரோவில் பணியாற்றிய அவர், மூளை நரம்பு வலைகளின் மாதிரி எவ்வளவு நினைவைத் தாங்கும் என்பதையும் இதே கணிதங்கொண்டு அளந்தார். 1988இல் மறைந்தார், அகவை முப்பது.

காந்தங்களுக்காகப் போட்ட அக்கணக்கு கண்ணாடிக்கு வந்துசேரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 2014இல் பாரிசி உள்ளிட்ட ஐவர், நெருக்கி அடைத்த கோளங்களாகக் கண்ணாடியை உருவகித்துக் கணக்கிட்டபோது அதே உட்பிளவைக் கண்டனர். கார்ட்னர் நிலைமாற்றம் என இன்று அது வழங்கப்படுகிறது. அக்கணக்கோ எண்ணிறந்த பரிமாணங்கள் கொண்ட கற்பனை வெளியில் நிகழ்வது. நம் மூன்று பரிமாண உலகின் கண்ணாடியில் அது உண்டா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. மென்துகள்களாலான கண்ணாடி மாதிரி ஒன்றில் 2017இல் கணினி கொண்டு தேடியவர்கள் அதைக் காணவில்லை. ஆங்காங்கே சில துகள்கூட்டங்கள் தனித்து இடம் மாறுவதை மட்டுமே கண்டனர்.