கொம்பூதும் குழந்தைகளும் கைபேசி லோகோவும்

கைபேசியில ஒரு ஆப்பைத் திறந்ததும் லோகோ மட்டும் வந்து நிக்குமே, ஸ்பிளாஷ் ஸ்கிரீன், அது தேவையா? எங்க தொழில்ல ரெண்டு பேர் சேர்ந்தா இந்த வழக்கு வந்துடும். இதுக்குக் கொஞ்சம் பழைய கதை இருக்கு.

நம்ம ஆட்களுக்கு இது புதுசில்லைங்க. வாசனோட ஜெமினி படம்னா முதல்ல கொம்பூதுற ரெண்டு குழந்தைங்க வருவாங்க. விளம்பரம்தான், ஆனா மூணு மணி நேரப் படத்துக்கு முன்னாடி சில நொடி யாருக்கும் வலிக்கலை.

கம்ப்யூட்டருக்கு இது வந்த காரணம் வேற. 1990-ல் போட்டோஷாப் வந்த காலத்துல, புரோகிராம் வட்டுலேர்ந்து மெமரிக்கு ஏற நேரமாகும். திரையில ஒண்ணுமே வரலைன்னா, தொங்கிடுச்சுன்னு மறுபடியும் அமுக்குவாங்க. அதனால ஒரு படமும், செஞ்சவங்க பேரும். பின்னாடி வந்த பதிப்புகள்ல அந்தப் பட்டியல்ல சீதாராமன் நாராயணன்னு ஒரு பேரைப் பார்த்து நம்மாளுங்க எத்தனை பேர் பூரிச்சிருப்பாங்க!

கைபேசி வந்ததும் நியாயம் மாறிடுச்சு. ஒரு நாளைக்கு அம்பது தடவை திறக்கிற ஆப்புக்கு, தடவைக்கு ரெண்டு நொடி லோகோன்னா யார் பொறுப்பா? தொடக்கத் திரை விளம்பரப் பலகை இல்லை, ஆப்போட முதல் பக்கம் மாதிரியே இருக்கட்டும்னுச்சு ஆப்பிள். கூகுள் 2021-ல் ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து எல்லா ஆப்புக்கும் அதுவே ஐகானைக் காட்ட ஆரம்பிச்சது. அசையுற ஐகான்னா ஒரு நொடிக்குள்ள முடிங்கன்னும் சொன்னது. பழைய லோகோ பக்கத்தை எடுக்காத ஆப்புல இப்ப ரெண்டு தடவை வரவேற்பு :-)

ஆப்பிள் சொன்ன இன்னொண்ணுதான் கொழிஞ்சாம்பாறைக்காரன் எனக்குப் பிடிச்சது: அந்தத் திரையில எழுத்தே வேண்டாம், ஏன்னா அது மொழிக்கு மொழி மாறாது. எங்க சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜ்ஜியத்துல இருந்து, 1956-ல் கேரளாவுக்குள்ள வந்தது. வீட்டுல தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழ்லயே எழுதலாம்னு 1969 சட்டம் இடம் குடுத்துச்சு. காகிதத்துக்குக் கிடைச்ச அந்த மரியாதை கைபேசித் திரைக்கும் வேணும்தானே? ஊர்ல இருக்கிற பெரியவங்க முதல்ல பார்க்கிறதே படிக்கத் தெரியாத எழுத்துன்னா, "இது நமக்கில்லை"ன்னு மூடி வெச்சுடுவாங்க.

என் கட்சி இதுதான்: உள்ள நிஜமா வேலை நடந்தா, அது முடியுற வரைக்கும் காட்டுங்க. லோகோவுக்காக டைமர் போட்டு நிறுத்தாதீங்க. எழுத்து போட்டே ஆகணும்னா, பார்க்கிறவங்க மொழியில போடுங்க.