பி.காம். படித்தவர்களும் சைபர் செக்யூரிட்டி வேலைக்குப் போகலாம்

பி.காம்., பி.ஏ. முடித்த பிள்ளைகளுக்கு சைபர் செக்யூரிட்டி வேலை கிடைக்குமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் நுழையும் வாசல் வேறு.

இத்துறை என்றாலே ஹேக்கிங் என்று நினைக்கிறோம். நிறுவனம் விதிகளின்படி நடக்கிறதா என்று தணிக்கை செய்வது, எங்கே ஆபத்து வரும் என்று கணித்து அறிக்கை எழுதுவது, ஊழியர்களுக்கு விழிப்புணர்வு தருவது ஆகியவையும் இதில் அடங்கும். இப்பிரிவை ஜி.ஆர்.சி. என்பார்கள். தணிக்கை படித்த வணிகவியல் மாணவர்களுக்கு இது ஏற்றது. ஐ.எஸ்.ஓ. 27001 தரநிலையும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கான அடிப்படைப் பாடங்கள்.

எந்தப் பிரிவானாலும் முதலில் நெட்வொர்க், லினக்ஸ் அடிப்படைகளைக் கற்க வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். டிரைஹேக்மீ தளத்தில் செய்து பழகலாம். பிறகு காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் தேர்வு எழுதலாம். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். கணினிப் பட்டம் கட்டாயமில்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பழகிப் பார்ப்பதற்காகக் கூட அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழையக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. அடுத்து, 'வேலை உறுதி' என்று லட்சங்கள் கேட்கும் பயிற்சி நிலையங்களை நம்பி வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள். சான்றிதழ் நேர்காணல் வரைதான் கூட்டிச் செல்லும். முதல் வேலை ஹெல்ப் டெஸ்க்காக இருந்தாலும் தயங்காமல் சேருங்கள். அங்கே கிடைக்கும் அனுபவமே அடுத்த படிக்கு ஏற்றும்.