டிராமுக்கும் நடைபாதைக்கும் இடையே

கல்கத்தா நகரத்தை நினைக்குந்தோறும் டிராம் வண்டியும் உடன் நினைவுக்கு வருவது இயல்பு. டிராம் ஓடிய நகரங்கள் இந்தியாவில் வேறு பலவும் உண்டு. சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953-இல் நின்றது. டில்லியில் 1963-இலும், பம்பாயில் 1964-இலும் டிராம் மறைந்தது. இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரம் ஒன்றே அதனை அடுத்த நூற்றாண்டுக்குள்ளும் கொண்டு வந்தது. ஆதலால், டிராமில் ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் மோட்டார் வாகனங்களால் நேர்ந்த அபாயத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நகரத்தையே எடுத்துக்கொள்வது பொருந்தும்.

அவ்வரலாறு சில அடி அகலமுள்ள நிலத்தைப் பற்றியது. நடைபாதையின் விளிம்புக்கும், நடுத்தெருவில் வந்து நிற்கும் டிராமின் படிக்கும் இடைப்பட்ட நிலம் அது. அது யாருக்கு உரியது? விரைந்து செல்லும் மோட்டாருக்கா, வண்டி ஏற வரும் பிரயாணிக்கா? ஒவ்வொரு காலமும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடை அளித்திருக்கிறது.

கல்கத்தாவில் முதன்முதலாக 1873-இல் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை டிராம் ஓடியது. போதிய ஆதரவின்றி அவ்வாண்டிலேயே அது நின்றுபோயிற்று. பின்னர் 1880-இல் லண்டனில் பதிவான கம்பெனி ஒன்று அமைந்து, டிராம் மீண்டும் ஓடலாயிற்று. 1902-இல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் புறப்பட்டது. குதிரை டிராம் ஓடிய நாட்களில் தெருவில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் பல்லக்கும் சென்றன. எல்லாம் மெல்லச் சென்ற காலமாதலால், தெருவின் பாதியைக் கடந்து டிராம் ஏறுவதற்குத் துணிச்சல் ஏதும் வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் பெருகியபின் நிலைமை மாறியது. பஸ் வண்டியானால் நடைபாதையை ஒட்டி ஒதுங்கி நின்று பிரயாணிகளை ஏற்றிக்கொள்ளும். டிராமோ தண்டவாளத்தை விட்டு ஒரு விரற்கடையும் விலக இயலாதது. ஆகவே நடுத்தெருவில்தான் அது நின்றாக வேண்டும். பிரயாணி அதன் இடப்புறம் இறங்குகிறார். அதே இடப்புறத்தில், பின்னாலிருந்து, மோட்டார் முந்திக்கொண்டு வருகிறது. படியில் நிற்கும்வரை அவர் டிராமுக்குள் இருப்பவர். கால் தரையில் பட்ட மறுகணமே மோட்டார் செல்லும் வழியில் நிற்பவர். டிராம் ஓட்டுநர் காலால் மிதித்து ஒலிக்கும் மணி, முன்னே குறுக்கிடுவோரை எச்சரிப்பதற்காக ஏற்பட்டது. பின்னால் வருவோரை அது நிறுத்துவதில்லை.

இந்த அபாயத்தைச் சட்டம் கவனியாமல் விடவில்லை. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், பத்தாவது அட்டவணையில், வாகனம் ஓட்டுவோருக்குரிய விதிகள் தரப்பட்டிருந்தன. முன்செல்லும் வாகனத்தை வலப்புறமாகவே கடக்க வேண்டும் என்பது பொது விதி. டிராமை மட்டும் எப்புறமாகவும் கடக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும், பிரயாணிகளை ஏற்றவோ இறக்கவோ டிராம் நின்றிருக்கையில், அதே திசையில் செல்லும் மோட்டார் அதன் இடப்புறமாகக் கடக்கலாகாது என்ற தடையும் உடன் சேர்க்கப்பட்டது. டிராம் நிற்கும் அச்சிறு பொழுதில் அந்நிலம் பிரயாணிக்கே உரியது என்பதே இதன் பொருள்.

பிற நாடுகளிலும் இக்கொள்கை காணப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், நிறுத்தத்தில் டிராமின் கதவு திறந்திருக்கும்வரை, மோட்டார் அதன் பின்முனையைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ஜெர்மனியில், பிரயாணிகள் ஏறி இறங்கும் பக்கமாக டிராமைக் கடப்போர் நடை வேகத்துக்கு மேல் செல்லலாகாது. தேவையாயின் நின்று காத்திருத்தல் வேண்டும்.

ஆனால், இத்தகைய விதி மோட்டார் ஓட்டுபவரின் பொறுமையை நம்பியிருப்பது. அதனினும் உறுதியான காவல் வேறொன்று கல்கத்தாவில் இருந்தது. அகன்ற சாலைகள் சிலவற்றில் டிராம் பாதையைச் சாலையினின்று பிரித்து, நடுவே புல் வளர்ந்த தனித் திட்டாக அமைத்திருந்தனர். பிரயாணி தமக்கு வசதியான வேளையில் சாலையைக் கடந்து, அத்திட்டில் அமைதியாகக் காத்து நிற்கலாம். வண்டி வந்ததும் ஓட வேண்டியதில்லை.

டிராமினால் தீங்கே நேர்ந்ததில்லை என்று கூறுவதற்கில்லை. 1954 அக்டோபரில் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் மோதிக் காயமுற்று, சில நாட்களில் உயிர் நீத்தார். ஆயினும் டிராம் செல்லும் வழியைத் தண்டவாளம் முன்னதாகவே காட்டிவிடுகிறது. மோட்டாரின் வழியை அவ்வாறு எதுவும் காட்டுவதில்லை.

2000-ஆம் ஆண்டுக்குப் பின், அத்தனித் திட்டுகள் அகற்றப்பட்டு, தண்டவாளத்தைச் சுற்றிக் கான்கிரீட் இடப்பட்டது. மோட்டார்களுக்கு இடம் பெருகியது. காத்து நிற்போரின் இடம் மறைந்தது. அவர்கள் நடைபாதையிலேயே நின்று, டிராம் வந்த பின்னர் ஓடும் வாகனங்களுக்கிடையே கைகாட்டிக்கொண்டே விரைய வேண்டியதாயிற்று. இளைஞர் இதனைச் செய்யக்கூடும். முதியோரும், குழந்தையைக் கையில் பிடித்த தாய்மாரும் என் செய்வர்? ஏறுவதற்கு அஞ்சுவோர் பஸ்ஸை நாடுவது இயற்கையே. மோட்டார்கள் தண்டவாளத்தின்மேல் நிறைந்துவிடவே, டிராமின் வேகமும் குன்றியது. முடிவில், 2024 செப்டம்பரில், நெரிசலுக்குக் காரணமாகிறது என்று கூறி, எஸ்பிளனேடு–மைதானப் பாதை நீங்கலாக டிராமை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. வழியை இழந்த வண்டியே வழியை அடைப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டது.

லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ராஷ்பிகாரி அவென்யூ டிராமை அன்றாட வாழ்வின் துணையாகக் கொண்டிருந்தவை. அவர்களேயன்றி, வேறு நகரங்களில் வாழும் தமிழ் மக்களும் இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. டிராம் இல்லாத ஊரிலும் நடுத்தெருவில் பஸ் நிற்பதுண்டு; இறங்குவோரின் இடப்புறமாக மோட்டார் சைக்கிள் பாய்வதுமுண்டு. அத்தருணத்தில் நாம் வாகனம் ஓட்டுபவராயின், 1939-ஆம் ஆண்டின் விதி நம்மிடம் கேட்டது அரை நிமிஷம் நிற்பதைத்தான் என்பது நினைவில் இருக்கட்டும்.